கோழிக்குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு எப்போது மாற்ற வேண்டும்? எப்படி மாற்ற வேண்டும்?



'கோழி மிதித்துக் குஞ்சு சாகாது' என்று நம் ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. போன வருஷம் ஐப்பசி மாதம் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டைத் திறந்தபோது கண்ணால் பார்த்தேன். நம் பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் கோழி இருக்கிறது. நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

எங்கள் அப்பத்தாவின் கறுப்புக்கோழி 13 முட்டையில் அடைகாத்து 21-ஆம் நாள் 11 குஞ்சு பொரித்தது. மூன்றாம் நாளே தாய்க்கோழியை நாய் பிடித்துவிட்டது. குஞ்சுகள் மட்டும் விறகுக்கட்டுக்குள் ஓடிப் பிழைத்தன. ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் நெல் உமி பரப்பி, மேலே பல்பு கட்டி, அதில் விட்டு வளர்த்தோம். பெட்டியைச் சுத்தம் செய்வது என் வேலை. இருபது நாளில் நாற்றம் தாங்க முடியவில்லை. குஞ்சுகளும் பெட்டியைத் தாண்டிக் குதித்து வீடெல்லாம் ஓடின. எனக்கு அரைப்பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று ஒரு சாக்கு.

"அப்பத்தா, ரெக்கை எல்லாம் முளைச்சிருச்சு. வெளிக்கூண்டுல விட்டுரலாம்" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்த்தா" என்றார்கள் அப்பத்தா. நான் கேட்கவில்லை. அவர்கள் காட்டுக்குப் போன நேரத்தில் நானே தூக்கிக்கொண்டு போய் வெளிக்கூண்டில் அடைத்துவிட்டேன். திரும்பி வந்தவர்கள், "சரி, பார்ப்போம்" என்று விட்டுவிட்டார்கள். அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. கூண்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அதனால் நான் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் திறந்து பார்த்தால் ஒரு மூலையில் எல்லாம் குவியலாகக் கிடந்தன. மேலே இருந்த ஐந்து எழுந்து ஓடின. அடியில் இருந்த ஆறு எழுந்திருக்கவில்லை. ஒன்றின் உடம்பும் நனையவில்லை. குளிருக்குப் பயந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை மூச்சுமுட்டிச் செத்துப்போயிருந்தன.

அப்பத்தாவுக்குக் கோழி விற்கிற காசுதான் சொந்தக் காசு. வெற்றிலை பாக்கு, கால்வலி மாத்திரை, எனக்கும் தம்பிக்கும் நோட்டு எல்லாம் அதில்தான். ஆனாலும் அவர்கள் என்னைத் திட்டவில்லை. செத்த குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்து, அதன் அடிவயிற்றைத் திருப்பிக் காட்டினார்கள்.

"ரெக்கையப் பாத்தியே, இங்க பாத்தியா? இன்னும் பஞ்சாத்தான் இருக்கு" என்றார்கள்.

அதுதான் நான் கற்ற முதல் பாடம்.

பஞ்சுக்கும் இறகுக்கும் என்ன வேறுபாடு?

குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது உடம்பெல்லாம் பஞ்சு போன்ற தூவிதான் இருக்கும். அது பார்க்க அழகு. ஆனால் குளிரை அதிகம் தடுக்காது. கோழியின் இறகு ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல் படிந்திருக்கும். இறகுகளுக்கு நடுவில் காற்று அடைபட்டிருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். நாம் கம்பளி போர்த்துவது போலத்தான் இதுவும். வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். மனிதனுக்கு 37. கோழி நம்மைவிடச் சூடான பிராணி. அந்தச் சூட்டைக் காப்பது இறகுதான்.

இன்னொன்றும் உண்டு. டம்ளர் டீ சீக்கிரம் ஆறிவிடும். அண்டா நிறைய வெந்நீர் ஆற நேரம் ஆகும். அதுபோலக் குஞ்சின் உடம்பு சின்னது என்பதால் அதன் சூடும் சீக்கிரம் போய்விடும். பிறந்த முதல் இரண்டு வாரத்தில் தன் உடம்புச் சூட்டைத் தானே சரியாக வைத்துக்கொள்ளவும் அதற்கு முடியாது.

இறகு முளைப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் றெக்கையில் முளைக்கும். பிறகு வால், தோள், நெஞ்சு, முதுகு. கழுத்திலும் அடிவயிற்றிலும் கடைசியில்தான் வரும். முழுவதும் மூட ஐந்து ஆறு வாரம் ஆகும். மூன்று வாரக் குஞ்சு மேலே இருந்து பார்த்தால் பெரிய கோழி மாதிரி நம்மை ஏமாற்றும். நான் அப்படித்தான் ஏமாந்தேன். ஆகவே நாளை மட்டும் எண்ணாதீர்கள். குஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பி, நெஞ்சையும் அடிவயிற்றையும் விரலால் தடவிப் பாருங்கள்.

தாய்க்கோழி என்ன செய்கிறது?

பக்கத்து வீட்டில் ஒரு தாய்க்கோழி குஞ்சுகளோடு திரிந்தது. அப்பத்தா சொன்னதால் அதைத் தினமும் கவனித்தேன். முதல் வாரத்தில் ஐந்து நிமிஷம் மேயவிட்டால் உடனே றெக்கைக்குள் கூப்பிட்டுக்கொள்ளும். அடுத்தடுத்த வாரங்களில் மேயும் நேரம் கூடிக்கொண்டே போகும், றெக்கைக்குள் இருக்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். பகலில் சூடு தேவைப்படாத பிறகும் ராத்திரியில் மட்டும் அணைத்துக்கொள்ளும். இறகு முழுதாக முளைத்த பிறகுதான் கொத்தி விரட்டிவிடும்.

பல்புக்கு இந்த விவரம் ஒன்றும் தெரியாது. போட்டால் எரியும், அணைத்தால் அணையும். இப்போது பொரிப்பகத்தில் வாங்கும் குஞ்சுகள் பொரிப்பான் இயந்திரத்தில் பிறந்தவை. சென்னை நந்தனத்தில் உருவான நந்தனம் கோழியானாலும், ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா ஆனாலும் அப்படித்தான். அவற்றுக்குத் தாய்க்கோழியின் றெக்கை என்பதே தெரியாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் நாட்கள்

முதல் வாரம் குஞ்சுகள் இருக்கும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதல் வாரம் – 35
இரண்டாம் வாரம் – 32
மூன்றாம் வாரம் – 29
நான்காம் வாரம் – 26
ஐந்தாம் வாரம் – 23

நம் ஊர் வெயிலில் மூன்றாம் வாரத்திலேயே பகலில் பல்பு தேவைப்படாது. ஆனால் மழைக்காலத்திலும் மார்கழி, தை மாத விடியற்காலையிலும் கட்டாயம் தேவைப்படும்.

ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது பல்புக்கான கணக்கு. 20 குஞ்சுக்கு 40 வாட் குண்டு பல்பு போதும். எல்.இ.டி. பல்பு போடாதீர்கள். அது வெளிச்சம் தரும், சூடு தராது. பல்பை அட்டையிலும் உமியிலும் படாமல் உயரத்தில் கட்ட வேண்டும். அறுந்து விழுந்தால் தீப்பிடித்துவிடும் என்பதால் ஒயரை மட்டும் நம்பாமல் கம்பியாலும் சேர்த்துக் கட்டுங்கள். பெரியவர்களை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். கரண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி இறுக்கி மூடி, துணி சுற்றிப் பெட்டிக்குள் படுக்க வைக்கலாம்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கீச்கீச் என்று கத்தினால் குளிர்கிறது. பல்பை விட்டு ஓரமாகப் போய் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாக நின்று தின்றுகொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தால் சரியாக இருக்கிறது.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். இந்த நோய்க்கு இராணிக்கெட் என்றும் பெயர். அது உத்தரகண்டில் உள்ள ஊரின் பெயர். எட்டாம் வாரம் இதே நோய்க்கு றெக்கையில் ஊசி போட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். மருந்து கொடுத்த நாளில் குஞ்சுகளை இடம் மாற்றக் கூடாது. அன்று அவை ஏற்கெனவே சோர்ந்திருக்கும்.

வெளிக்கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

1. தரை மேடாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். உமியோ மரத்தூளோ இரண்டு மூன்று அங்குலம் பரப்ப வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தக்கழிச்சல் வரும். தினமும் கிளறி விடுங்கள். நனைந்ததை அள்ளிப் போட்டுவிடுங்கள்.

2. குஞ்சின் உயரத்துக்குக் காற்று அடிக்கக் கூடாது. கீழ்ப்பாதியைச் சாக்கால் மறைக்க வேண்டும். மேல்பாதியைத் திறந்துதான் வைக்க வேண்டும். குளிருக்குப் பயந்து முழுவதும் மூடினால் எச்சத்தின் நெடி உள்ளேயே தங்கிக் குஞ்சுக்கு மூச்சுக்கோளாறு வரும்.

3. நான்கு மூலையிலும் அட்டையை வளைத்து வைத்து வட்டமாக்குங்கள். மூலை இருந்தால்தான் அதில் போய்க் குவியும். எங்கள் ஆறு குஞ்சும் மூலையில்தான் செத்தன. நம் முன்னோர் பஞ்சாரத்தை வட்டமாக முடைந்தது எவ்வளவு நல்லது என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

4. கீரி, பூனை, பாம்பு, பெருச்சாளி எதுவும் நுழையக் கூடாது. உங்கள் கை நுழையும் சந்து இருந்தால் கீரியும் நுழைந்துவிடும். கீழ்ப்பக்கம் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை அடிக்க வேண்டும். கீரி மண்ணைப் பறித்து வரும் என்பதால் கூண்டைச் சுற்றிக் கல் பதிக்க வேண்டும். கதவுக்குக் கொண்டி போட்டு அதில் ஒரு ஆணியும் செருக வேண்டும்.

5. நெருக்கடி கூடாது. வளர்ந்த பிறகு கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி இடமாவது வேண்டும். அதை நினைத்துத்தான் கூண்டு செய்ய வேண்டும்.

மாற்றும் முறை

தை மாதம் அப்பத்தா ஒரு வாரக் குஞ்சு 12 வாங்கினார்கள். "இந்தத் தடவை நீயே பாருத்தா" என்று பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த முறை ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு நாளில் ஒரு மாற்றம்தான். இடம், சூடு, தீனி மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் குஞ்சு தாங்காது.

நான்காம் வாரம்: பகலில் பல்பை அணைத்தேன். ராத்திரியில் மட்டும் போட்டேன். வெயில் ஏறிய பிறகு பத்து மணி போல வாசலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து உள்ளே விட்டோம். முதல் நாள் அரை மணி நேரம். பிறகு ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டினோம். பள்ளி நாளில் அப்பத்தா பார்த்துக்கொண்டார்கள். மண்ணைக் கிளறவும் புழுவைக் கொத்தவும் யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே செய்தன. ராத்திரி பானைக்குள் ஈரச்சாணியும் கந்தல் சாக்கும் வைத்துக் கவிழ்த்தால் காலையில் கரையான் பிடித்திருக்கும். அதைப் பார்த்தால் குஞ்சுகள் படும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஐந்தாம் வாரம்: ராத்திரியில் பல்பைப் பாதி நேரம் அணைத்தேன். பின்னிரவுக் குளிருக்கு மட்டும் போட்டேன். வார முடிவில் மூன்று ராத்திரி பல்பே இல்லாமல் அதே பெட்டியைத் திண்ணையில் வைத்தோம். இது ஒரு பரீட்சை மாதிரி. மூன்று நாளும் கத்தாமல், குவியாமல், அருகருகே படுத்துத் தூங்கின. அடிவயிற்றைத் தடவிப் பார்த்தேன். பஞ்சு போய் இறகு வந்திருந்தது. பாஸ்!

ஆறாம் வாரம்: மழை மேகம் இல்லாத நாளாகப் பார்த்து, காலையில் வெளிக்கூண்டில் விட்டோம். சாயங்காலம் விட்டால் இருட்டுவதற்குள் தண்ணீர் எங்கே, தீனி எங்கே என்று அவற்றுக்குத் தெரியாது. பழைய தீனித்தட்டையும் தண்ணீர்த்தட்டையும் அப்படியே உள்ளே வைத்தோம். தீனியையும் மாற்றவில்லை. கம்பும் நொய்யும் ஒரு வாரம் கழித்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம்.

முதல் ராத்திரி நான் டார்ச் லைட்டோடு மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு ஒரு ஓரத்தில் நெருக்கிக்கொண்டுதான் இருந்தன. கையால் பிரித்துப் பரப்பி விட்டேன். விடியற்காலை பார்த்தபோது பரவிப் படுத்திருந்தன. இப்படி மூன்று ராத்திரி பார்க்க வேண்டும். ரொம்பக் கத்தினால் வெட்கப்படாமல் வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றிய பிறகு

முதல் நான்கு நாள் கூண்டை விட்டு வெளியே விடக் கூடாது. அப்போதுதான் இதுதான் நம் வீடு என்று பழகும். ஐந்தாம் நாள், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிட வேண்டும். கொஞ்ச நேரமே இருப்பதால் தூரமாகப் போகாது. இருட்டும் நேரம் தீனி டப்பாவைத் தட்டி "பா... பா... பா..." என்று கூப்பிட வேண்டும். இரண்டு மூன்று நாள் பிடித்துத்தான் உள்ளே விட வேண்டியிருந்தது. பிறகு தானாகவே வந்துவிட்டன.

வீட்டில் பெரிய கோழிகள் இருந்தால் உடனே ஒன்றாக விடாதீர்கள். கொத்தியே காயப்படுத்திவிடும். நடுவில் வலை கட்டி ஒரு வாரம் பார்த்துப் பழக விட வேண்டும். போன வருஷம் பிழைத்த ஐந்தையும் இந்தப் பன்னிரண்டையும் அப்படித்தான் சேர்த்தோம்.

ஆறு வாரக் குஞ்சைக் காக்கை தூக்காது. ஆனால் பருந்து தூக்கும். ஒளிந்துகொள்ள நிழல் இருக்கும் இடத்தில் மேயவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டவெளியில் விட்டதால் ஒன்றைப் பருந்து கொண்டுபோய்விட்டது. பிறகு முருங்கை மரத்தடியில்தான் விடுகிறோம். தினமும் அடைக்கும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணி அடையுங்கள். எண்ணாமல் அடைத்தால் ஒன்று வெளியே நின்றாலும் தெரியாது.

முடிவாக

பன்னிரண்டில் பதினொன்று இப்போது நன்றாக இருக்கின்றன. அதில் ஒரு பெட்டை இந்த ஆடி மாதம் முட்டையிடத் தொடங்கிவிட்டது. முதல் முட்டையை அப்பத்தா என் கையில்தான் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தபோது சூடாக இருந்தது. எனக்கு அந்த ஆறு குஞ்சுதான் ஞாபகம் வந்தது. அவற்றைத் தூக்கியபோது எவ்வளவு குளிர்ந்து கிடந்தன!

நண்பர்களே! நாற்றம் அடிக்கிறது, பரீட்சை வருகிறது என்று நம் வசதிக்காகக் குஞ்சுகளை வெளியே மாற்றாதீர்கள். அவை தயாரானதும் மாற்றுங்கள். தயாராகிவிட்டதா என்று அடிவயிற்று இறகு சொல்லும். வீட்டில் பெரியவர்கள் "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொன்னால், ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள். நான் அன்று கேட்டிருந்தால் அந்த ஆறும் பிழைத்திருக்கும்.

யாருக்காவது சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வந்து என்னைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி